ஐப்பசியில் ஒரே ஒரு நாள்: குடியம் குகையா, பழவேற்காடா, தடா அருவியா?

இரண்டு பேர், ஒரு பைக், ஒரு கேமரா. விடியலுக்கு முன் வீட்டை விட்டுக் கிளம்பி, காட்டிலோ கழியிலோ நடந்து, நாலு நல்ல படம் எடுத்து, இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். வடசென்னையில் இருக்கும் கணவன் மனைவிக்கு இந்தக் கணக்கில் அடங்குகிற இடங்கள் மூன்று: பூண்டிக்கு அப்பால் குடியம் குகை, பொன்னேரிக்கு அப்பால் பழவேற்காடு, ஆந்திர எல்லையைத் தாண்டி உப்பலமடுகு என்கிற தடா அருவி. நாகலாபுரம் மலையை நாங்கள் சேர்க்கவில்லை. அதைச் சரியாக நடக்க ஒரு பகல் பத்தாது.

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, பெரம்பூர், மாதவரம் என எங்கிருந்து கிளம்பினாலும் மூன்றுமே ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரப் பயணம். ஆகவே தூரத்தை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. மழையை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நம் ஊரில் இந்த மாதங்களில் இலை உதிராது, துளிர்க்கும். உதிர்வது மாசி, பங்குனியில். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. அதற்கு முன் போகிறீர்களா, பின் போகிறீர்களா என்பதைப் பொறுத்து இந்த மூன்று இடங்களும் வெவ்வேறு இடங்களாகிவிடும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மழை பிடிக்கும் முன் என்றால் குடியம். மழை பிடித்து, நடுவில் இரண்டு மூன்று நாள் வெயில் காய்ந்தால் பழவேற்காடு. தடா இந்தப் பருவத்துக்கு வேண்டாம்.

தடா ஏன் வேண்டாம்

மூன்றிலும் அழகான நடை தடாவில்தான். ஓடையை ஒட்டிப் பாறைக்குப் பாறை தாவி ஏறும் வழி, இரண்டு பக்கமும் காம்பாக்கம் காப்புக்காட்டின் மரங்கள், நடுநடுவே பச்சை நிற மடுக்கள். சிக்கல் என்னவென்றால், அருவியைப் படமெடுக்க மேகமூட்டமான வானம் வேண்டும். வெயில் விழுந்தால் தண்ணீர் வெள்ளைத் திட்டாக வெளுத்துப்போகும், நிழல் கறுப்பாகிவிடும். தண்ணீரைப் பட்டுத் துணி போலக் காட்ட ஷட்டரைக் கால் நொடி முதல் ஒரு நொடி வரை திறந்து வைக்க வேண்டும். அதற்கு டிரைபாடும், பாறையின் பளபளப்பை வெட்ட போலரைசரும் தேவை. இத்தனைக்கும் ஏற்றது மந்தாரமான நாள். ஐப்பசியில் மந்தாரம் என்றால் மலைமேல் எங்கோ மழை பெய்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஓடையின் மேல்பகுதியில் அரை மணி நேரம் கொட்டினாலே கீழே நிற்பவர் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். அறிகுறிகள் உண்டு: தெளிந்த தண்ணீர் கலங்கும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் கூடும். இதில் ஒன்றைக் கண்டாலும் வந்த வழியே ஓடாதீர்கள். பக்கத்துச் சரிவில் மேலே ஏறி நில்லுங்கள், ஓடையைக் குறுக்கே கடக்க வேண்டாம். டிரைபாடை விரித்து, ஃபில்டரைத் திருகி, கண்ணை வியூஃபைண்டரில் வைத்திருப்பவர் இந்த அறிகுறியை எல்லோருக்கும் கடைசியாகத்தான் கவனிப்பார். மடுக்களும் மேலே பார்க்க அமைதியாக இருக்கும், ஆழம் தெரியாது. பெருமழைக் காலத்தில் வனத்துறை வழியை மூடுவதும் உண்டு. தடா வரை போய்த் திரும்பினால் நாள் வீண். தை மாதம் தண்ணீர் குறைந்து தெளிந்த பிறகு போங்கள், நிச்சயம் போங்கள்.

குடியம்: நடையும் படமும் சேர்ந்து கிடைக்கும் இடம்

செங்குன்றத்தில் இருந்து ஊத்துக்கோட்டைச் சாலை, அங்கிருந்து சீத்தஞ்சேரி வழி. அல்லது திருவள்ளூர் வழியாகப் பூண்டி. ஊரிலிருந்து குகை வரை புதர்க்காட்டு வழி, போக ஏறத்தாழ 4 கி.மீ., திரும்ப அதே அளவு. ஏற்றம் கொஞ்சம்தான், மூச்சு வாங்காது. ஆனால் நிழல் குறைவு, வழியெல்லாம் உருளைக்கற்கள். கணுக்கால் பிசகுவது இந்தக் கற்களால்தான், அதுவும் திரும்பி வரும்போது, கால் தளர்ந்த நேரத்தில். கணுக்காலைப் பிடிக்கும் ஷூ போடுங்கள். செருப்பு, ஸ்லிப்பர் வேண்டாம்.

இது காப்புக்காடு, தானாக நுழையக் கூடாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 வழிகளில் குடியமும் ஒன்று. ஆன்லைனில் முன்பதிவு செய்து, வழிகாட்டியுடன்தான் போக வேண்டும். ஜோடியாகப் போகிறவர்களுக்கு இதில் ஒரு நன்மை, ஒரு கஷ்டம். வழி தவறாது, புதருக்குள் தனியாக மாட்டிக்கொள்ளும் பயம் இல்லை. ஆனால் ஒரு பூவுக்கு முன் இருபது நிமிடம் உட்கார்ந்தால் குழு காத்திருக்காது. கிளம்பும் முன்பே வழிகாட்டியிடம் சொல்லி வையுங்கள்: “அண்ணா, குகைகிட்ட அரை மணி நேரம் வேணும், வழியில ரொம்ப நேரம் நிக்க மாட்டோம்.” நேரத்தைக் குகையில் செலவழிப்பதுதான் சரி.

ஏனென்றால் அந்தப் பாறை வேறெங்கும் கிடைக்காது. அல்லிக்குழி மலை முழுக்கக் கூழாங்கல் சேர்ந்து இறுகிய பாறை. கையை அருகே கொண்டு போனால், முட்டை அளவிலும் தேங்காய் அளவிலும் வழவழப்பான குவார்ட்சைட் என்ற கடினக் கல் உருண்டைகள், செம்மண் நிறப் பசையில் பதித்து வைத்தது போல நெருக்கமாக நிற்பது தெரியும். சில விழுந்து, விழுந்த இடத்தில் கிண்ணம் போன்ற குழி மட்டும் மிஞ்சியிருக்கும். இந்த உருண்டைகளைத்தான் ஆதி மனிதர்கள் உடைத்துக் கைக்கோடரி செய்தார்கள். பக்கத்தில் இருக்கும் அத்திரம்பாக்கத்தில் 1863-லேயே ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். அங்கே கிடைத்தவற்றில் மிகப் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று 2011-ல் வெளியான ஆய்வு சொன்னது. காலடியில் கூரான கல் கிடந்தால் படமெடுங்கள், பையில் போடாதீர்கள். இடத்தை விட்டு நகர்ந்த கல் ஆய்வாளருக்கு உதவாது. கருவிகளை நிதானமாகப் பார்க்கப் பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. திரும்பும் வழியில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

குகை என்றாலும் உள்ளே நீளும் சுரங்கம் அல்ல. மேலே பெரிய கூரை போல நீட்டிக்கொண்டிருக்கும் பாறை, கீழே அகலமான நிழல். படம் இங்கேதான் கெடும்: உள்ளே இருட்டு, வெளியே கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். ஆட்டோவில் எடுத்தால் வானம் வெளுத்துப்போகும். கூரையின் அடியில், உள்பக்கம் நின்று வெளியே பாருங்கள். ஒரே காட்சியை −2, 0, +2 என மூன்று வெளிச்ச அளவில் எடுத்து, வீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். கேமராவோடு வரும் கிட் லென்ஸின் 18 மி.மீ. முனை போதும். உங்கள் இணையரை வாயிலின் ஓரத்தில், பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள். ஆள் இல்லாத படத்தில் பாறையின் உயரம் யாருக்கும் புரியாது. நடுவில் நின்றால் போட்டோ ஸ்டுடியோ படமாகிவிடும்.

கூரையில் மலைத்தேனீ அடை தொங்கலாம். சென்ட், வாசனை எண்ணெய், மல்லிகைப்பூ எதுவும் வேண்டாம். சத்தம் போடாதீர்கள், ஃபிளாஷ் அடிக்காதீர்கள், அடைக்கு நேர் கீழே நிற்காதீர்கள்.

வழியில் இந்த மாதங்களுக்கே உரியது செங்காந்தள். மொட்டு பச்சையாக இருக்கும், விரியும்போது அடி மஞ்சளாகவும் நுனி சிவப்பாகவும் மாறும், வயதாக ஆக முழுக்கச் சிவக்கும். இதழ்கள் மேல்நோக்கி மடங்க, மகரந்தத் தாள்கள் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி பக்கவாட்டில் நீளும். மேலிருந்து எடுத்தால் இந்த அமைப்பே தெரியாது. முட்டி போட்டு, பூவின் மட்டத்துக்கு வந்து, f/8 வைத்து, அருகில் இருக்கும் மகரந்தப் பையில் ஃபோகஸ் பண்ணுங்கள். காற்றுக்கு ஆடும் என்பதால் ஷட்டர் 1/500-க்குக் கீழே போக வேண்டாம். ஒருவர் படமெடுக்க, மற்றவர் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நிழல் பக்கம் பிடித்தால் இதழின் அடிப்பக்கமும் துலங்கும். செடி முழுக்க விஷம், கிழங்கில் இன்னும் அதிகம். தொட்டால் சாப்பிடும் முன் கை கழுவுங்கள்.

ஆறுமணிக்குருவி வடக்கிலிருந்து நம் புதர்க்காடுகளுக்கு வந்து சேர்வதும் இந்தச் சமயத்தில்தான். விசில் சத்தம் கேட்டால் மரத்தைப் பார்க்காதீர்கள், தரையில் சருகைக் கிளறும் இடத்தைப் பாருங்கள். புதரடி இருட்டு என்பதால் ஐஎஸ்ஓ 3200 வரை ஏற்றத் தயங்க வேண்டாம்.

வழியில் எதுவும் வாங்க முடியாது. இருவருக்கு 4 லிட்டர் தண்ணீர், அதில் ஒரு லிட்டரில் ஓ.ஆர்.எஸ். கலந்துகொள்ளுங்கள். புளிசாதம், எலுமிச்சை சாதம் கெடாது; தயிர்சாதம் உச்சி வெயிலில் புளித்துவிடும். பேன்ட்டின் அடியை சாக்ஸுக்குள் சொருகுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்து, உடம்பில் எங்காவது கருத்த பொருக்கு போலப் புண் இருந்தால், புதர்க்காட்டுக்குப் போனதை டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் எளிய மருந்திலேயே குணமாகும்.

பழவேற்காடு: படம் முதலில், நடை அப்புறம்

இங்கே மலை இல்லை. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தில் எலும்புக்கூடு செதுக்கிய வாயில், பாலம், அதைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம், கடற்கரை என்று சமதளத்தில் ஐந்தாறு கிலோமீட்டர் நடக்கலாம். அதை மலையேற்றம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இருவரில் ஒருவர் பறவைப் பைத்தியம் என்றால் மற்ற இரண்டு இடமும் இதன் பக்கத்தில் வராது.

பூநாரையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஐப்பசியில் ஏமாற்றம் வருவது இதனால்தான். பூநாரை ஆழமில்லாத தண்ணீரில் நடந்து, சேற்றை அலசி இரை தேடும் பறவை. கனமழைக்குப் பின் ஏரி நிறைந்தால் அது நிற்க இடம் இல்லாமல் எங்கெங்கோ சிதறிவிடும். மார்கழி, தையில் தண்ணீர் வடிய வடியத்தான் கூட்டமாகச் சேரும். இப்போது நிச்சயம் என்று சொல்லத்தக்கவை உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன், ஆலா, கொக்கு வகைகள், செம்பருந்து. கரையோரச் சேற்றுப் பறவைகளுக்கு அண்ணாமலைச்சேரிப் பக்கமும் நல்லது.

வெளிச்சம் காலை 6 மணியிலிருந்து 9 வரை. அதற்குப் பின் தண்ணீர்மேல் கானல் எழும்பும். 400 மி.மீ. லென்ஸில் எடுத்தாலும் பறவையின் விளிம்பு நெளியும். லென்ஸ் பழுது என்று பலர் நினைப்பது இதைத்தான். காலையில் சூரியன் கடல் பக்கம் இருக்கும். ஆகவே கிழக்கே நின்று மேற்கே ஏரியைப் பாருங்கள், முதுகில் வெயில் விழட்டும். பறக்கும் ஆலாவுக்கு 1/2000. கரிய தண்ணீருக்கு முன் வெயிலில் நிற்கும் வெண்கொக்குக்கு வெளிச்ச அளவை −0.7 முதல் −1 வரை குறையுங்கள், இல்லாவிட்டால் இறகு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். அதே கொக்கு வெளுத்த வானத்துக்கு முன் பறந்தால் +1 கூட்டுங்கள். 150-600 லென்ஸ் ஏறக்குறைய 2 கிலோ. அதைச் சுமப்பவர் கண்ணால் தேடக் கூடாது. பைனாகுலர் வைத்திருக்கும் மற்றவர்தான் தேடிச் சொல்ல வேண்டும். அப்படிப் பிரித்துக்கொண்டால் ஒருவர் படமெடுக்க இன்னொருவர் சும்மா நிற்கும் சலிப்பு வராது.

படகுக்காரர் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பலர் இறந்தார்கள். கரையிலிருந்தே போதுமான படம் கிடைக்கும். கறுப்புச் சேற்றில் இறங்க வேண்டாம், முழங்கால் வரை வாங்கும், உள்ளே சிப்பி கிழிக்கும். கடற்காற்றில் லென்ஸ் மாற்றாதீர்கள். திரும்பியதும் கேமராவை லேசாக ஈரமான துணியால் துடைத்து, பின் உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்பை உலர்ந்த துணியால் முதலில் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

பைக் இல்லாதவர்களுக்கும் சாதகம் பழவேற்காடுதான்: கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பேருந்து. ஆனால் இப்படி வந்தால் முதல் வெளிச்சம் தவறும், மாலைதான் மிச்சம். பைக்கில் வருவோர் எண்ணூர், மீஞ்சூர் வழியை விடியலில் தவிருங்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும், பள்ளமும் அதிகம். செங்குன்றம், காரனோடை, தச்சூர் கூட்டுரோடு வழி சில கிலோமீட்டர் கூடுதல் என்றாலும் நிம்மதி.

முதல்நாள் இரவு மழை எச்சரிக்கை வந்து குடியம் பயணம் ரத்தானால், பணம் போனதே என்று மழையில் வேறு மலையைத் தேடிப் போக வேண்டாம். மழை விட்ட காலையில் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போங்கள். பூண்டியிலிருந்து வரும் அதே கொசஸ்தலை ஆறு கடலில் சேருமிடம். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு முன்னால் நீர்க்காகங்கள் வலைக் கம்பங்களில் இறகு விரித்துக் காயும். 200 மி.மீ. போதும். இறால் பிடிப்பவர்களைப் படமெடுக்கும் முன் “அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்டுவிடுங்கள். எடுத்த படத்தை அவர்கள் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.