இலவச டொமைன் தருகிறார்களா? யார் பெயரில் என்று முதலில் கேளுங்கள்

தொழில்நுட்பக் கட்டுரைகள் எழுத ஒரு தளம் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். லினக்ஸ், தரவுத்தளம், சர்வர் பராமரிப்பு பற்றித் தமிழில் எழுதி வருகிறேன். அதற்காக ஒரு பதிப்புத் தளத்தில் ஆண்டுச் சந்தா கட்டினேன். இன்று என் கட்டுரைகள் என்னிடம் அரைகுறையாக இருக்கின்றன. என் டொமைன் (தளத்தின் இணைய முகவரிப் பெயர்) அவர்களிடம் முழுதாக இருக்கிறது. புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. பெயர் தெரியாததால் உங்களுக்குப் பெரிய நஷ்டமும் இல்லை. இதே வாக்குறுதிகளை இதே வரிசையில் அடுக்குகிறவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

முதல் ஆண்டு டொமைன் இலவசம், நிரல்வரிகளுக்கு வண்ணம், தமிழுக்கு முழு ஆதரவு, எப்போது வேண்டுமானாலும் எல்லாவற்றையும் பதிவிறக்கிக்கொண்டு போகலாம்: இவை விலைப் பக்கத்தில் இருந்தவை. பிளாகரையும் வேர்ட்பிரஸையும் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். கிட்ஹப் பேஜஸ் என்ற இலவச இடத்தில் ஹியூகோ, ஜெக்கில் போன்ற தளம் கட்டும் மென்பொருளை வைத்துச் செலவில்லாமல் நடத்தலாம் என்பதும் தெரியும். ஆனால் பகல் முழுதும் சர்வரோடு மல்லுக்கட்டிவிட்டு இரவில் கட்டுரைக்காகவும் இன்னொன்றைக் கட்டி மேய்க்க மனம் வரவில்லை. பணம் கொடுத்து அந்த வேலையைப் பிறரிடம் விடுவதில் எனக்கு இப்போதும் ஆட்சேபம் இல்லை. பணம் வாங்கியவர் அந்த வேலையைச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

முதல் கோளாறு எழுதும் பெட்டியிலேயே தொடங்கியது. கட்டளைகளில் வரும் நேரான மேற்கோள்குறிகளை அது அழகுக்காக வளைந்த குறிகளாக மாற்றியது. அடுத்தடுத்து வரும் இரண்டு சிறுகோடுகளை ஒரே நீண்ட கோடாக ஒட்டியது. கதை எழுதுகிறவருக்கு இது உபகாரமாக இருக்கலாம். கட்டளை எழுதுகிறவருக்கு விஷம். வளைந்த குறியைக் கட்டளைகளை இயக்கும் ஷெல் மேற்கோளாக மதிப்பதில்லை, சொல்லின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். இரட்டைச் சிறுகோட்டில் தொடங்க வேண்டிய விருப்பத்தெரிவு (option) நீண்ட கோட்டோடு வந்தால், அதைப் பல நிரல்கள் ஏதோ ஒரு கோப்பின் பெயர் என்று நினைத்து, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று முரண்டுபிடிக்கும். என் கட்டுரையிலிருந்து கட்டளையை நகலெடுத்து ஒட்டிய வாசகர்கள், ஓடவில்லை என்று எழுதினார்கள். நான் அனுப்பிய மூலக் கோப்பில் அதே கட்டளை சரியாக ஓடியது.

சி மொழிக் கட்டுரையில் நடந்தது இன்னும் மோசம். தலைப்புக் கோப்பைச் சேர்க்கும் வரியில் கோப்பின் பெயர் கோண அடைப்புக்குறிக்குள் வரும் அல்லவா? அதை வலைப்பக்கங்களை வடிவமைக்கும் எச்டிஎம்எல் மொழியின் குறி என்று நினைத்து எழுதும் பெட்டி விழுங்கிவிட்டது. 'இன்க்ளூட்' என்ற சொல் மட்டும் அநாதையாக நின்றது. நிரல்வரிக்கான தனிப்பெட்டிக்குள் போட்டும் இந்தக் கதிதான். உதவிக் குழுவுக்கு எழுதினால் உலாவியின் தற்காலிகக் கோப்புகளை அழித்துப் பார்க்கச் சொன்னார்கள். படமாக எடுத்துப் போடுங்களேன் என்பது அடுத்த யோசனை. நிரலைப் படமாகப் போட்டால் யார் நகலெடுப்பது, எந்தத் தேடுபொறி அதைப் படிப்பது?

'தமிழுக்கு முழு ஆதரவு' எப்படி இருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். தமிழில் தலைப்பு வைத்தால் கட்டுரையின் முகவரியில் தமிழ் எழுத்துகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, வெறும் எண்களைப் போட்டுத் தந்தது. இந்தச் சிக்கலை ஓரளவு எல்லாத் தளங்களிலும் சந்திக்கலாம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுப் புள்ளிக்கு (ஓர் எழுத்துக்கோ துணைக்குறிக்கோ உரிய யூனிகோடு எண்) 3 பைட் தேவை. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் % குறியோடு 3 எழுத்தாவதால் அது 9 எழுத்துகளாக விரியும். 'தொழில்நுட்பம்' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் 13 புள்ளிகள், ஆக 117 எழுத்துகள். வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு 200 எழுத்துகள்தான் ஒதுக்குகிறது என்பதால் நீளமான தமிழ்த் தலைப்பு அங்கும் நடுவில் வெட்டுப்படும். ஆனால் அங்கே முகவரியை நாமே கையால் திருத்திக்கொள்ளலாம். இவர்களிடம் அதற்கு வழியில்லை. அது மேல்நிலைச் சந்தாவுக்கான வசதியாம்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள், எந்த அறிவிப்பும் இல்லாமல், கட்டுரையின் பாதியில் ஒரு திரை விழுந்தது. மேலே படிக்க அவர்களது தளத்தில் கணக்குத் தொடங்க வேண்டும். நான் எழுதியது, நான் பணம் கட்டி வெளியிட்டது. அதைப் படிக்க என் வாசகர் அவர்களுக்கு மின்னஞ்சல் முகவரி கொடுக்க வேண்டும். பெரிய தளங்களிலும் இப்படி விதிகள் மாறுவதுண்டு. மீடியம் என்ற பதிப்புத் தளம் 2017-இல் கட்டண உறுப்பினர் முறையைக் கொண்டுவந்தது. அங்கே லட்சக்கணக்கில் வாசகர்களைச் சேர்த்திருந்த ஃப்ரீகோட்கேம்ப், ஹேக்கர்நூன் என்ற தொழில்நுட்ப வெளியீடுகள் இரண்டும் 2019-இல் வெளியேறித் தங்கள் சொந்தத் தளங்களுக்குப் போயின. ஆனால் மீடியத்தில் எழுதுகிறவர் தம் கட்டுரை கட்டணச் சுவருக்குப் பின்னே போக வேண்டுமா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கலாம். எனக்கு அந்தத் தேர்வும் தரப்படவில்லை.

கிளம்பிவிடலாம் என்று முடிவு செய்தபோதுதான் உண்மையான கூத்து ஆரம்பித்தது. 'எல்லாவற்றையும் பதிவிறக்கு' என்ற பொத்தானை அழுத்தினால், காத்திருக்க வைத்து ஜேசன் என்ற தரவு வடிவில் ஒரு கோப்பை அனுப்பினார்கள். திறந்து பார்த்தால் தமிழ் முழுதும் யூனிகோடு எண்களாக இருந்தது. அது குற்றமில்லை, ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதினால் தமிழாக வந்துவிடும். குற்றம் என்னவென்றால், நிரல்வரிகள் இருக்க வேண்டிய இடங்களில் நிரல்வரிகள் இல்லை. ஒவ்வோர் இடத்திலும் அவர்களது சர்வருக்கு மட்டுமே புரியும் ஒரு அடையாள எண் இருந்தது. படங்களும் கோப்பில் இல்லை, அவற்றின் முகவரிகள்தான் இருந்தன. கணக்கை மூடினால் அந்த முகவரிகளும் செத்துப்போகும். வாசகர் கருத்துகள் சுத்தமாக இல்லை. தொழில்நுட்பக் கட்டுரையிலிருந்து நிரலையும் படத்தையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது முன்னுரைதான். ஒவ்வொரு பக்கமாக உலாவியில் திறந்து, நிரல்வரிகளை நகலெடுத்து, வளைந்த குறிகளை நிமிர்த்தி, இன்னும் மீட்டுக்கொண்டிருக்கிறேன்.

டொமைன் விஷயத்துக்கு வருகிறேன். இலவசமாகத் தந்த டொமைனை என்னிடம் ஒப்படையுங்கள், வேறு பதிவாளரிடம் (டொமைன் பதிந்து தரும் நிறுவனத்திடம்) மாற்றிக்கொள்கிறேன் என்று கேட்டேன். டாட் காம் போன்ற டொமைன்களுக்கு, டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் விதி தெளிவாக இருக்கிறது: உரிமையாளர் கேட்டால் பதிவாளர் 5 நாட்களுக்குள் டொமைனை இடம் மாற்றத் தேவையான குறியீட்டைத் தர வேண்டும். அந்த விதியைச் சுட்டிக்காட்டினேன். உரிமையாளர் நாங்கள்தான் என்று பதில் வந்தது. பதிவு விவரங்களைத் தேடிப் பார்த்தேன். உரிமையாளர் நிறுவனம் என்ற இடத்தில் அவர்களது பெயரே இருந்தது. வீட்டுச் சாவியை நம்மிடம் கொடுத்துவிட்டுப் பட்டாவைத் தம் பெயரில் வைத்துக்கொள்கிற வேலை இது. நான் சேர்ந்தபோது இருந்த விதிமுறைப் பக்கத்தைச் சேமித்து வைத்திருக்கிறேன். அதில் 'வாடிக்கையாளருக்காகப் பதிவு செய்யப்படும்' என்று இருக்கிறது. இப்போதைய பக்கத்தில் 'வாடிக்கையாளரின் பயன்பாட்டுக்காக நிறுவனம் பதிவு செய்யும்' என்று மாற்றியிருக்கிறார்கள். 'விடுவிப்புக் கட்டணம்' செலுத்தினால் பரிசீலிப்பார்களாம். அவர்கள் கேட்ட தொகைக்குப் புதிய டொமைன் ஒன்றைப் பல ஆண்டுகளுக்கு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

சரி, டொமைன் போகட்டும், பழைய முகவரிகளுக்கு வருகிறவர்களைப் புதிய இடத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுங்கள் என்று கேட்டேன். 301 என்ற எண்ணில் சர்வர் ஒரு பதில் அனுப்பினால் போதும்; வாசகரும் வந்துவிடுவார், தேடுபொறியும் புரிந்துகொள்ளும். அந்த வசதி இல்லை என்றார்கள். தங்கள் சொந்த விலைப் பக்கத்தை மட்டும் சமீபத்தில்தான் இதே 301 மூலம் வேறு முகவரிக்கு மாற்றியிருந்தார்கள். சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தளம் நல்லதா கெட்டதா என்பதற்கு மேலே, முகவரி யாருடையது என்பதை நான் ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று சிலர் கேட்டார்கள். தளங்கள் போய்விடும் என்பதால்தான். ஜியோசிட்டீஸ் என்ற இலவச வலைத்தளச் சேவையை யாஹூ 2009-இல் மூடியது. எழுதுவதற்கு மிக எளிதாக இருந்த போஸ்டரஸ் என்ற வலைப்பதிவுத் தளத்தை 2012-இல் ட்விட்டர் வாங்கி, அடுத்த ஆண்டு ஏப்ரலில் மூடியது. நமக்கு நெருக்கமான கதை பிளாகருடையது. 2012 முதல் இந்திய வாசகர்களைக் கூகுள் 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' முகவரிக்குத் திருப்பிவிட்டது. நம் ஆட்கள் உலாவியில் தெரிந்த அந்த முகவரியையே எல்லா இடங்களிலும் இணைப்பாகக் கொடுத்தார்கள். 2018-இல் அந்த ஏற்பாடு நின்றது. 2020-இல் அந்த டொமைனே கூகுளின் கையை விட்டுப் போய் வேறொருவரிடம் சேர்ந்தது. வலைப்பதிவுகள் 'டாட் காம்' முகவரியில் பத்திரமாக இருந்தும், 'டாட் இன்' என்று கொடுத்த பழைய இணைப்புகள் உடைந்தன. கூகுளுக்கே இப்படி நடக்கிறது.

இனித் தேடுகிறவர்கள் விலைப் பக்கத்தைப் படிப்பதோடு நிறுத்தாதீர்கள். சோதனைக் காலத்திலேயே ஒரு கட்டுரை போடுங்கள். அதில் கோண அடைப்புக்குறி, பின்சாய்வுக்கோடு, இரட்டைச் சிறுகோடு, நேரான மேற்கோள், ஒரு படம், தமிழ்த் தலைப்பு எல்லாம் இருக்கட்டும். உடனே ஏற்றுமதி செய்து, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திறந்து பாருங்கள். எது தெரிகிறதோ அதுதான் உங்களுடையது. வேர்ட்பிரஸின் ஏற்றுமதிக் கோப்பிலும் படங்கள் இருக்காது, இணைப்புகள்தான் இருக்கும். ஆனால் படங்களைத் தனியே எடுத்துக்கொள்ளலாம், அந்தக் கோப்பைப் புரிந்துகொள்ளும் மென்பொருள்களும் ஏராளம். டொமைனைத் தளத்திடம் வாங்காமல், தனியாக ஒரு பதிவாளரிடம் உங்கள் பெயரில் வாங்குங்கள். நான் இப்போது ஹியூகோவுக்கும் எளிய குறிகளோடு எழுதும் மார்க்டவுன் கோப்புகளுக்கும் வந்துவிட்டேன். மேய்க்கும் வேலை கொஞ்சம் உண்டுதான். ஆனாலும் எழுதுவதெல்லாம் என் கணினியில் சாதாரண உரைக்கோப்பாக இருக்கிறது, கிட்ஹப் நாளை விதியை மாற்றினால் அதே கோப்புகளோடு வேறு எங்கும் போகலாம். கணினியோடு இவ்வளவு பழக்கமில்லாதவர்களுக்கு, சொந்த டொமைனை இணைத்த பிளாகரே போதும் என்பேன். நிரல்வரிகளுக்கு வண்ணம் சேர்க்க வார்ப்புருவில் கொஞ்சம் கை வைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள்படி நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நீங்கள் வணிக நோக்கில் வாங்கியவர், நுகர்வோர் அல்லர் என்று அந்த நிறுவனத்தார் என்னிடம் வாதிட்டார்கள். வலைப்பதிவில் விளம்பரமோ வருமானமோ இல்லை என்று எழுத்தில் தெரிவித்திருக்கிறேன். தானியங்கிச் சந்தாப் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பு வங்கியிலிருந்து அறிவிப்பு வரும். அதில் தளத்தின் பெயருக்குப் பதில் கேள்விப்படாத தாய் நிறுவனத்தின் பெயர் இருந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள். எனக்கு அப்படித்தான் வந்தது, முதல் ஆண்டைவிட இரு மடங்குத் தொகையோடு. அன்றே வங்கிச் செயலியில் அனுமதியை ரத்து செய்தேன்.

1915-இல் பதிந்த புகாருக்கு நிறுவனம் இன்னும் பதில் தரவில்லை. பழைய டொமைனின் பதிவு வரும் மார்ச்சில் காலாவதியாகிறது. அதை அவர்களே புதுப்பித்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் போடலாம். அதன் பிறகு அந்த முகவரியில் வருவது எதையும் நான் எழுதியதாக நினைக்காதீர்கள், அங்கிருக்கும் கட்டளைகளை உங்கள் சர்வரில் ஒட்டாதீர்கள். பழைய கட்டுரைகளுக்கு இணைப்புக் கொடுத்திருப்பவர்கள் அதற்குள் மாற்றிவிடுங்கள்.