மடிக்கணினியில் ரேம் கூட்டக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மையத்தில் மடிக்கணினி பழுதுபார்க்கும் ஒரு கடையில் என் அக்காள் மகளுக்கு நேர்ந்ததை, புறநகர்ப் பகுதிகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருந்து அந்தப் பக்கம் கடை தேடிப் போகும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். புகார் இன்னும் முடிவாகாததால் கடையின் பெயரைச் சொல்லவில்லை.

அவளுடைய கணினி 2022-இல் புதிதாக வாங்கியது. ரேம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகம், செருகுவதற்கு அதிலிருந்த இரண்டு ஸ்லாட்டுகளில் ஒன்றில் 3200 வேகமுள்ள 8 ஜிபி டிடிஆர்4 வகை ரேம் இருந்தது, மற்றது காலி. பல்கலைக்கழகப் பாடத்துக்கான வரைகலை மென்பொருள் திணறியதால், காலி ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபி போட்டுக்கொள்ளச் சொன்னேன். கடைக்குப் போவதற்கு முன்பே, ரேமின் அளவையும் வேகத்தையும் காட்டும், விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் மெமரி பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். அந்தப் படம்தான் இன்று எங்களிடம் உள்ள முதல் சான்று.

‘புதிய 8 ஜிபி, 3200’ என்று ரசீதில் எழுதி, கூலியையும் சேர்த்து 1,150 ராண்ட் வாங்கிக்கொண்டார்கள். கணினி திரும்ப வந்தபோது திரை 16 ஜிபி என்று காட்டியது. சில நாள்களிலேயே அது நீலத்திரையாகி நின்றுபோகத் தொடங்கியது. தொலைபேசியில் கேட்டபோது, மின்வெட்டால் கெட்டிருக்கும் என்றார்கள். இந்த நாட்டில் எந்தப் பழியையும் மின்வெட்டின் தலையில் போட்டுவிடலாம்தான். ஆனால் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகும் மடிக்கணினிக்கு அந்தச் சாக்கு எப்படிப் பொருந்தும்?

கணினியை அவளிடமிருந்து வாங்கிப் பார்த்தபோது ரேமின் வேகம் 2400 என்று இருந்தது. வேகம் மாறுபட்ட இரண்டு ரேம்களைச் சேர்த்துப் போட்டால் இரண்டுமே குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும் என்பதால், புதிதாகப் போட்டது மட்டும் 2400 ஆக இருக்கும் என்றே முதலில் எண்ணினேன். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் எஸ்பிடி என்றொரு பக்கம் உண்டு. ஒவ்வொரு ஸ்லாட்டிலும் உள்ள ரேமின் தயாரிப்பாளர், பாக எண், பெரும்பாலும் தயாரான வாரமும் ஆண்டும் அதில் தனித்தனியே தெரியும். இரண்டுமே 2400, ஒன்று 2017-இல் தயாரானது, மற்றது 2018-இல், அதுவும் வேறொரு நிறுவனத்துடையது. ஆக, புதியது என்று சொல்லிப் பழையதைப் போட்டது மட்டுமல்ல, கணினியோடு வந்த நல்ல ரேமையும் கழற்றி எடுத்துக்கொண்டு அதன் இடத்தில் இன்னொரு பழையதைச் செருகியிருக்கிறார்கள். முந்தைய தலைமுறை ரேமான டிடிஆர்3-ஐ டிடிஆர்4 ஸ்லாட்டில் செருகவே முடியாது; ஆனால் 2400-உம் 3200-உம் ஒரே 260 முனை ஸ்லாட்டில் பொருந்தும், கூட்டினால் 16 என்ற கணக்கும் சரியாக வரும் என்பதால், திரையைப் பார்த்துத் திருப்தி அடைகிறவருக்கு இந்த மோசடி தெரியவே தெரியாது. பிறகு ஒவ்வொன்றையும் தனியாகப் போட்டு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட்டிப் பார்த்ததில், 2017-ஆம் ஆண்டு ரேம் பிழைகளாகக் கொட்டியது.

ரசீதோடும் படத்தோடும் கடைக்குப் போனோம். இரண்டும் ஜோடியாக இருந்தால்தான் ஓடும், அதனால் மாற்றினோம் என்றார் கடைக்காரர். ஒத்த ஜோடி இருந்தால் நல்லது என்பது உண்மை, கட்டாயம் என்பது பொய். தவிர, அவர் போட்டுத் தந்தது ஜோடியும் அல்ல. பழைய ரேம் எங்கே என்றதற்கு, குப்பையில் போட்டாயிற்று என்றார்.

இங்குதான் சட்டம் நமக்கு உதவுகிறது. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின்படி, பழுதுபார்க்கும்போதோ பராமரிக்கும்போதோ கழற்றிய பாகங்களைப் பிறருடையவற்றோடு கலக்காமல் வைத்திருந்து, வேண்டாம் என்று நாமே சொன்னாலொழிய, நம்மிடம் திருப்பித் தந்தாக வேண்டும். நாம் ஒப்படைத்த பொருள் குறைந்தபட்சம் அதே நிலையில் திரும்பி வர வேண்டும் என்கிறது 54-ஆம் பிரிவு. இவற்றை எடுத்துச் சொன்னதும் கூலியை மட்டும் திருப்பித் தருவதாகப் பேச்சு மாறியது. நாங்கள் அதை ஏற்காமல், நுகர்வோர் பொருள்கள், சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுத்திருக்கிறோம். நுகர்வோருக்கு அதற்குக் கட்டணம் இல்லை.

ரேம் மாற்றுவது சில நிமிட வேலை. ஆகவே கணினியை விட்டுவிட்டு மாலையில் வாருங்கள் என்று சொல்லும் கடையில் கொடுக்காதீர்கள், மூடியைக் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். அது இயலாதென்றால், உள்ளே இருப்பதன் பாக எண்ணையும் புதிதாகப் போடப்போவதன் பாக எண்ணையும் ரசீதிலேயே எழுதி வாங்கி, எஸ்பிடி பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். ரசீதில் வெறுமனே ‘8 ஜிபி’ என்று இருந்தால் பின்னால் வாதாட முடியாது.

இப்போது வேறிடத்தில் ஒரு ஜோடி வாங்கி நானே மாட்டிக் கொடுத்துவிட்டேன். கணினி ஒழுங்காக ஓடுகிறது. கழற்றிய அந்த இரண்டு பழைய ரேம்களும் உறையிலிட்டு என்னிடம் இருக்கின்றன. அவற்றைத் திருப்பித் தந்தால் பேசிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். புகார் முடியும்வரை கொடுப்பதாக இல்லை.