தார் சாலையா, கான்கிரீட் சாலையா?

தார் சாலையில் சூடு ஆறியதும், சில மணி நேரத்திலேயே வண்டி விடலாம். கான்கிரீட்டின் வலிமையை 28 நாள் கணக்கில் பார்ப்பார்கள்; முதல் நாட்களில் ஈரம் காய விடக்கூடாது.

கான்கிரீட் பலகை விறைப்பானது, பாரத்தை அகலமாகப் பரப்பும். தார் வளைந்து கொடுத்து, பாரத்தை அடுக்கடுக்காகக் கீழே இறக்கும். அதனால் அடிமண் இளகினால் தார்தான் சீக்கிரம் பள்ளமாகும். தண்ணீர் அதற்குப் பெரும் எதிரி: விரிசல் வழியே இறங்கி, ஜல்லியிலிருந்து தாரைப் பிரித்துவிடும். வடிகால் சரியில்லாமல் மேலே மேலே தார் ஊற்றுவது வீண்செலவு.

கான்கிரீட்டிலும் பலகைகளுக்கு இடையிலான இணைப்புகளை அவ்வப்போது அடைக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

குழாய்க்காக அடிக்கடி தோண்டும் தெருவா? தார் போதும், ஒட்டுப்போடுவது சுலபம். கனரக லாரிகள் ஓயாமல் ஓடும் சாலைக்கு, ஆரம்பச் செலவு கூடினாலும், கான்கிரீட்டையே சொல்வேன்.