மின்சாரமா, எத்தனாலா? நார்வேயும் பிரேசிலும்

நார்வேயில் மின்சாரக் காருக்கு 2001 முதல் 2022 வரை மதிப்புக்கூட்டு வரியிலிருந்து (வாட்) முழு விலக்கு இருந்தது, பெட்ரோல் காருக்கோ கனமான வரி. விளைவு, 2024-இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது ஏறக்குறைய மின்சாரக் கார்தான். அங்கே மின்சாரம் பெரும்பாலும் நீர்மின் நிலையங்களிலிருந்து வருவதால் கணக்கு உதைக்கவில்லை, நிலக்கரியை எரித்து சார்ஜ் போடும் நாட்டில் இவ்வளவு லாபம் கிடைக்காது.

பிரேசில் 1975-லேயே கரும்பு எத்தனாலுக்குப் போனது. சுற்றுச்சூழல் அக்கறையெல்லாம் இல்லை, பெட்ரோல் விலையேற்றம்தான் காரணம்! 2003-இல் பெட்ரோல், எத்தனால் இரண்டையும் எப்படிக் கலந்து ஊற்றினாலும் ஓடும் ஃபிளெக்ஸ் கார்கள் வந்தன. பழைய பங்க்கே போதும். ஆனால் கரும்புக்கு நிலம் வேண்டுமே? அப்புறம், சர்க்கரை விலை ஏறினால் ஆலைகள் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும், எத்தனால் விலை எகிறும், வண்டிக்காரர் பெட்ரோலுக்கே திரும்புவார். என் ஓட்டு நார்வே வழிக்குத்தான், காசு இருந்தால்.