புஷ்கிராஃப்டுக்கு ஒரே கத்தி போதுமா? பட்டறை அரிவாள், மோரா, லாப்லாண்டர் பற்றி என் கருத்து

புஷ்கிராஃப்டில், அதாவது காட்டில் கைக்கருவிகளை வைத்தே கூடாரம், தீ, சமையல் எல்லாம் பார்த்துக்கொள்ளும் பொழுதுபோக்கில், இறங்குகிறவர்கள் முதலில் தேடுவது கிளை வெட்ட, விறகு பிளக்க, கூடாரத்துக்கு முளை சீவ, வெங்காயம் நறுக்க என எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பெரிய கத்தியைத்தான். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். ஆன்லைனில் 'சர்வைவல்' என்ற பெயரில், முதுகில் ரம்பப் பல்லோடு விற்கிறார்களே, அந்தப் பல் மரத்தில் கொஞ்சம் இறங்கியதும் சிக்கி நின்றுவிடும், அலகு தடிமனாக இருப்பதால் சீவவும் வராது, கைப்பிடி உள்ளே வெற்றாக இருந்தால் ஓங்கி வெட்ட வெட்டக் கழுத்தில் ஆட்டம் கண்டுவிடும்.

வெட்டுவதற்கு நம் ஊர்ப் பட்டறை அரிவாளை மிஞ்ச ஒன்றும் இல்லை என்பதுதான் என் கட்சி. திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர் போன ஊர், ஆனால் அங்கேதான் போக வேண்டும் என்றில்லை. உங்கள் பக்கத்தில் உலை எரிகிற எந்தப் பட்டறையிலும் ஆசாரியிடம் சொன்னால் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துத் தருவார். அந்த எஃகு அதிர்ச்சி தாங்கவே செய்யப்பட்டது, அதனால் சீமைக்கருவேலக் கட்டையில் ஓங்கிப் போட்டாலும் சட்டென்று உடையாது. எடை முனைப்பக்கம் இருப்பதால் கை அதிகம் உழைக்க வேண்டாம். மூக்கு வளைவு கிளையை வழுக்க விடாமல் பிடித்துக்கொள்ளும்.

வாங்கும்போது ஒரு சின்ன அரத்தைக் கையோடு கொண்டு போங்கள். அரிவாளின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், லேசாக இழுத்தால் அரம் கொஞ்சம் கடிக்க வேண்டும். கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கினால் தோய்ச்சல் (காய்ச்சிய இரும்பைத் தோய்த்து இறுக்குவது) அதிகம், வாய் சில்லு சில்லாகப் போகும். சுலபமாகத் தேய்ந்து பொடி கொட்டினால் பச்சை இரும்பு, மடங்கும். அப்புறம் காம்பு, அதாவது பிடிக்குள் போகிற இரும்பு. அது பிடியின் அடிவரை வந்து மடக்கி அடிக்கப்பட்டிருக்கிறதா, பூண் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் வெட்டும்போது பிடியிலிருந்து கழன்று பறக்கிற அரிவாளைவிட ஆபத்தானது எதுவும் இல்லை. குறை என்றால், உறை கிடையாது, தோலில் நாமே தைக்க வேண்டும். எண்ணெய் தடவாமல் வைத்தால் துருப்பிடிக்கும். மூக்கு வளைந்திருப்பதால் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளக்கவும் தோதுப்படாது.

நுணுக்கமான வேலைக்கு ஸ்வீடனின் மோரா கம்பேனியன். சுமார் பத்து சென்டிமீட்டர் அலகு, இரண்டரை மில்லிமீட்டர் தடிமன், அவ்வளவுதான். வாயின் சரிவு அகலமாகத் தட்டையாக இருக்கிறது, அதை அப்படியே கல்லில் படுக்கவைத்துத் தேய்த்தால் கோணம் தானாக அமைந்துவிடும், சாணை பிடிக்கப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல கத்தி எனக்குத் தெரியாது. கடலோரத்தில் இருப்பவர்கள் கார்பன் எஃகை விட்டுவிட்டு ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். காம்பு பிடியின் கடைசிவரை ஓடாது, எனவே இதைக் கட்டையால் அடித்துப் பிளக்காதீர்கள். முதுகு மழுங்கலாக இருப்பதால் தீக்கம்பியில் (உரசித் தீப்பொறி எழுப்பும் கம்பி) பொறியும் சரியாக வராது. இரண்டும் வேண்டும் என்றால் அதே மோராவின் கார்பெர்க் இருக்கிறது, ஆனால் விலை பல மடங்கு.

பலர் மறந்துவிடுவது ரம்பத்தை. பாஹ்கோ லாப்லாண்டர் மடக்கு ரம்பம், 19 சென்டிமீட்டர் அலகு. மணிக்கட்டு கனமுள்ள கிளையை அரிவாளால் வெட்டும் நேரத்தில் பாதிகூட ஆகாது, சத்தம் இல்லை, சிதறல் இல்லை, களைத்த கையோடு வெட்டித் தவறிக் காலில் போட்டுக்கொள்ளும் பயமும் இல்லை. மடக்கினாலும் விரித்தாலும் பூட்டிக்கொள்வது பெரிய நிம்மதி. தொடைக் கனமுள்ள கட்டைக்கு இதை எடுக்காதீர்கள், அது கோடாலி வேலை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டு வேலை, விவசாயம், தொழில் போன்றவற்றுக்காகச் செய்யப்பட்டது இல்லையென்றால், ஆயுத விதிகளுக்குள் வரும். அரிவாள் விவசாயக் கருவிதான், ஆனாலும் பஸ்ஸில் வெளியே தெரியக் கொண்டுபோனால் போலீஸ் கேட்கத்தான் செய்வார்கள். சாக்கில் சுற்றிப் பைக்குள் வையுங்கள். சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழைவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காப்புக்காட்டில் பச்சை மரத்தைத் தொடவே கூடாது. சொந்தத் தோப்பு, தெரிந்தவர் தோட்டம், இவை போதும்.

கையில் காசு குறைவு என்றால் முதலில் ரம்பம், அடுத்து மோரா. அரிவாளைத் தோட்டக்காரரிடமே இரவல் வாங்கிக்கொள்ளலாம்.