டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாத அம்பாசடர்: இன்ஜெக்‌ஷனுக்கு மாறிய பின் டைமிங் வைத்த அனுபவம்

எங்கள் வீட்டில் இருப்பது அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல். உள்ளே 1489 சிசி பிஎம்சி பி-சீரிஸ் இன்ஜின். கார்புரேட்டரை எடுத்துவிட்டு த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் போட்டோம். பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துத் தந்த டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த ஓட்டையை அடைத்துவிட்டு, ஸ்பீடுயினோ என்ற ஈசியூவையும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), இரண்டிரண்டு பிளக்குக்கு ஒன்றாகப் பொறி தரும் இரட்டைக் காயிலையும் வைத்து ஓட்ட ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. கோவைக்குள் தினசரி ஓட்டம், அவ்வப்போது குன்னூர் ஏற்றம். வண்டியைப் பார்ப்பவர்கள் மைலேஜ் எவ்வளவு, எந்த இன்ஜெக்டர் என்றுதான் கேட்கிறார்கள். டைமிங் பற்றி, அதாவது பிஸ்டன் எங்கே இருக்கும்போது பொறி வர வேண்டும் என்பது பற்றி, கேட்பவர்கள் குறைவு. ஆனால் ஓட்டுவதில் தெரிகிற மாற்றத்தில் பாதிக்கு மேல் அதனால் வந்ததுதான் என்பது என் கணிப்பு.

பழைய ஏற்பாட்டில் டைமிங் செயின், கேம் ஷாஃப்ட், கியர், டிஸ்ட்ரிபியூட்டர் புஷ் என்று நான்கைந்து தேய்மானங்களைத் தாண்டித்தான் பொறி வரும். பொறி வரும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டை அடித்தால் புல்லியின் குறி ஓரிடத்தில் நிற்காமல் இங்கும் அங்கும் ஆடும். இப்போது கிராங்க் புல்லியிலேயே பல் சக்கரம் இருக்கிறது. கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் செய்து வாங்கியது. 36 பல்லுக்கான இடத்தில் ஒரு பல் மட்டும் கிடையாது. ஒரு பல்லுக்கு 10 டிகிரி. காலியான இடத்தை வைத்து ஈசியூ எண்ணத் தொடங்குகிறது. லைட் அடித்தால் வெள்ளைக் கோடு அசையாமல் நிற்கிறது. ஐடிலில் வண்டியின் நடுக்கம் குறைந்ததற்கு இதுவே முதல் காரணம்.

ஆனால் ஒன்று. ஈசியூவுக்குப் பல் தெரியும், பிஸ்டன் தெரியாது. முதல் பல் சென்சாரைக் கடக்கும்போது ஒன்றாம் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அந்த எண் 8 டிகிரி தவறாக இருந்தாலும் லேப்டாப்பில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். திரையில் 12 என்று இருக்கும், உள்ளே 20 ஓடும்.

அதனால் முதல் வேலை உண்மையான டிடிசியை, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்தை, கண்டுபிடிப்பது. புல்லியில் ஏற்கெனவே இருக்கிற குறியை நான் நம்பவில்லை. இத்தனை வருடத்தில் புல்லியை யார் மாற்றினார்களோ, தெரியாது. நான்கு பிளக்கையும் கழற்றி, ஒன்றாம் ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப்பரை மாட்டி, கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். பிஸ்டன் முட்டுகிற இடத்தில் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சுற்றி, மறுபடி முட்டுகிற இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிபாதிதான் டிடிசி. இதில் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது, பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

அப்புறம் ட்யூனர்ஸ்டுடியோவில் (ஈசியூவை அமைக்கும் லேப்டாப் மென்பொருள்) டைமிங்கை டிடிசிக்கு முன் 10 டிகிரி என்று நிலையாகப் பூட்டிவிட்டு லைட் அடிப்பது. குறி 10-இல் விழும்வரை ட்ரிகர் ஆங்கிள் எண்ணை, அதாவது முதல் பல்லுக்கும் டிடிசிக்கும் இடையே உள்ள கோணத்தை, மாற்ற வேண்டும். மேப்பை (வேகத்துக்கும் லோடுக்கும் ஏற்ற டைமிங் அட்டவணை) தொடக் கூடாது. இதற்குச் சாதாரண டைமிங் லைட்டே போதும். டயல் உள்ள லைட் இங்கே குழப்பும். இரட்டைக் காயிலில் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி வருவதால், அதற்கென்று தனி வசதி இல்லாத லைட்டில் 10 டிகிரி 20 என்று தெரியும். டயலைப் பூஜ்யத்தில் வைத்து, புல்லியில் நாம் போட்ட கோடுகளைப் பார்ப்பதே நல்லது.

ஐடிலில் சரியாக இருந்தால் வேலை முடிந்தது என்று பலர் மூடிவிடுகிறார்கள். அங்கே நிறுத்தாதீர்கள். 10-இல் பூட்டியபடியே 3000 ஆர்பிஎம் வரை ஏற்றிப் பாருங்கள். 3000-இல் கிராங்க் ஒரு மில்லி செகண்டில் 18 டிகிரி சுற்றுகிறது. சிக்னல் 0.1 மில்லி செகண்ட் தாமதித்தாலே கிட்டத்தட்ட 2 டிகிரி போய்விடும். ஐடிலில் அதே தாமதம் அரை டிகிரிதான், கண்ணுக்கே தெரியாது. பல்லைக் கவனிக்கும் விஆர் சென்சாரின் (காந்த வகை) இரண்டு ஒயரும் இடம் மாறியிருந்தாலும் வேகம் ஏற ஏறக் குறி நகரும். இது சரியாகாமல் மேப்பில் கை வைப்பது வீண் வேலை.

மேப்பில் என் கணக்கு இது: முழு ஆக்சிலேட்டரில் 3500-க்கு மேல் 30 டிகிரி, சமதளத்தில் லேசான மிதியில் 38 வரை. லேசான மிதியில் பொறியை முன்கூட்டியே வரவைக்க பழைய வேக்குவம் அட்வான்ஸ் செய்த வேலையை இப்போது மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் எம்ஏபி சென்சார் செய்கிறது. ஐடிலில் ஒரு சின்ன ஏற்பாடு ரொம்பப் பிடித்தது. 850 ஆர்பிஎம்மில் 14 டிகிரி, 600-க்கு இறங்கினால் 18, 1000-க்கு ஏறினால் 11. ஏசி போட்டதும் வேகம் விழப் பார்க்கும், உடனே அட்வான்ஸ் கூடித் தூக்கிவிடும். ஐடில் வால்வு இல்லாமலே சிக்னலில் வண்டி அணையாமல் நிற்கிறது.

இந்த இன்ஜினில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், ஒன்றின் மேல் ஒன்று. காற்றின் வெப்பநிலை சென்சாரை மேனிஃபோல்டில் வைத்தால், வெயிலில் நிறுத்தி எடுக்கும்போது அது சுற்றியுள்ள சூட்டைச் சொல்லும், டைமிங் தேவையில்லாமல் பின்வாங்கும், பிக்கப் போய்விடும். ஏர் ஃபில்டர் குழாயில் வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

பராமரிப்பு என்று பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் தேய்ப்பது, கன்டென்சர் மாற்றுவது எல்லாம் போய்விட்டது. சர்வீஸ் சமயத்தில் சென்சாருக்கும் பல்லுக்கும் இடையே 0.8 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் விட்டுப் பார்ப்பேன், பிராக்கெட் போல்ட்டை ஒருமுறை முறுக்கிப் பார்ப்பேன். பிராக்கெட் கனமாக இருக்க வேண்டும். மெல்லிய தகடு அதிரும், அதிர்ந்தால் மிஸ்ஸிங் வரும். வழியில் சென்சார் போனால் வண்டி அங்கேயே நின்றுவிடும் என்பதால் கூடுதலாக ஒன்று டாஷ்போர்டில் எப்போதும் கிடக்கும்.

தீராத விஷயமும் ஒன்று உண்டு. பி-சீரிஸ் ஹெட்டில் 1, 2-க்கு ஒரே இன்டேக் போர்ட், 3, 4-க்கு இன்னொன்று. 1-3-4-2 என்ற பொறி வரிசையில் ஒரு போர்ட்டைப் பகிரும் இரண்டும் அடுத்தடுத்து உறிஞ்சுவதால் கலவை சமமாகப் பிரிவதில்லை. பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தால் நிற வித்தியாசம் தெரிகிறது. புகையிலுள்ள ஆக்சிஜனைப் பார்க்கும் லாம்ப்டா சென்சார் நான்கின் சராசரியைத்தான் சொல்லும், வறண்டு (பெட்ரோல் குறைந்து) ஓடுகிற சிலிண்டரைக் காட்டிக்கொடுக்காது. முதலில் தட்டுவது (நாக்கிங்) அதுதான். அதனால் அதிக லோடு வரும் கட்டங்களில் இன்ஜின் தாங்கும் அளவைவிட 2 டிகிரி குறைத்தே வைத்திருக்கிறேன். அந்த 2 டிகிரியில் இழக்கும் இழுவை ஓட்டும்போது தெரியவில்லை. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு குன்னூர் ஏற்றத்தில் போனாலும் தட்டுகிற சத்தம் இல்லை.