கடை சேர்வருக்கு எந்த முகவரி நிலைக்கும்? நான்கு வழிகளும் என் தெரிவும்

கல்முனையில் ஒரு புடவைக் கடை. முன்னால் பில் போடும் கம்பியூட்டர் மூன்று, உள்ளே கணக்கு அறையில், பில் கணக்கைச் சேமிக்கும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் ஓடும் சேர்வர் ஒன்று. மரியாதைக்குத்தான் சேர்வர் என்கிறோம்; சாதாரண விண்டோஸ் கம்பியூட்டர்தான் அது. கார்த்திகை மழையில் ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. வந்த பிறகு மூன்று மேசையிலும் ஒரே செய்தி: பிழை 2003, அடைப்புக்குறிக்குள் 10061. “தம்பி, டேட்டா எல்லாம் போயிட்டா?” என்று முதலாளி போன் எடுத்தார்.

10061 என்றால், பில் மேசை தேடிப் போன நெட்வொர்க் முகவரியில் (ஐபி எண்ணில்) ஒரு இயந்திரம் இருக்கிறது, ஆனால் கதவைத் திறக்க மறுக்கிறது என்று பொருள். மைஎஸ்கியூஎல் சேவை நின்றிருக்கும் என்று நினைத்து, போனிலேயே அதை மறுபடி ஓடச் சொன்னேன். பயனில்லை. மட்டக்களப்பிலிருந்து 40 கிலோமீற்றர் மழையில் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தால் சேர்வர் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. முகவரி மட்டும் 192.168.1.5 இலிருந்து 192.168.1.9 ஆகியிருந்தது. பழைய 5, கடையில் நிற்கும் ஒரு பிள்ளையின் போனுக்குப் போயிருந்தது. அவ்வளவு நேரமும் கதவைத் திறக்க மறுத்தது அந்தப் போன்!

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. சின்ன ரவுட்டர்கள் பல, கரண்ட் போனதும் யாருக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்ற பட்டியலை மறந்துவிடும். போனுக்கு பற்றரி இருக்கிறது, ரவுட்டர் எழும்பியதும் முதலில் கேட்டு வாங்கிவிடும். விண்டோஸ் மெதுவாக எழும்பி வரும்போது 5 போய்விட்டது. ஆகவே சேர்வரின் முகவரி மாறாமல் இருக்க வேண்டும். அதற்கு வழிகள் நான்கு, நான்கையும் கடைகளில் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, சேர்வரிலேயே முகவரியைக் கையால் எழுதிவைப்பது. எல்லாரும் முதலில் செய்வது இதைத்தான். நல்ல பலம் ஒன்று உண்டு: ரவுட்டர் எழும்பும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் பலர் பாதி வேலையோடு நிறுத்திவிடுகிறார்கள். ரவுட்டர் தானாகக் கொடுக்கும் முகவரியின் கடைசி எண்ணுக்கு எல்லை 2 முதல் 254 வரை இருக்கும்போது சேர்வருக்கு 10 என்று எழுதினால், ஒரு நாள் அந்த 10 வேறு யாருக்காவது போகும். அப்போது பில் ஒரு நிமிடம் ஓடும், ஒரு நிமிடம் நிற்கும். இதைத் தேடுவதைப் போல எரிச்சல் வேறில்லை. எல்லையை 100 முதல் 200 வரை என்று சுருக்கிவிட்டு, அதற்கு வெளியே உள்ள எண்ணைச் சேர்வருக்குக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, ரவுட்டரிலேயே ஒதுக்கிவைப்பது. சேர்வரின் நெட்வொர்க் அட்டைக்கு மேக் எண் என்று ஒரு தனி அடையாள எண் இருக்கும். அந்த எண் கேட்டால் எப்போதும் 10ஐக் கொடு என்று ரவுட்டருக்குச் சொல்லிவைக்கிறோம். எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் பார்க்க அழகு. வயருக்கு ஒரு மேக், வைபைக்கு வேறு மேக் என்பதை மறந்தால் மட்டும் சிக்கல். வாழைச்சேனையில் ஒரு கடையில் கூட்டும்போது வயர் கழன்று, சேர்வர் வைபைக்குத் தாவி, வேறு முகவரியில் உட்கார்ந்திருந்தது.

இந்த இரண்டையும் ஒரே அடியில் கவிழ்ப்பது ரவுட்டர் மாற்றம். இன்டர்நெட் சரியில்லை என்று முறைப்பாடு கொடுத்தால், இணைப்புக் கம்பனியின் ஆள் வந்து பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை வைத்துவிட்டுப் போவார். பழையது 192.168.1.1, புதியது 192.168.8.1. ஒதுக்கீடு பழைய பெட்டியோடு போய்விட்டது. கையால் எழுதிய முகவரியோ இன்னும் 192.168.1.10, மூன்றாவது எண்ணைத் தெரு என்று வைத்துக்கொண்டால், பில் மேசைகளெல்லாம் 8ஆம் தெருவுக்குக் குடிபோக, சேர்வர் மட்டும் 1ஆம் தெருவில் தனியே நிற்கும். இப்போது வருவது 10061 இல்லை, 10060: யாரும் பதில் சொல்லவில்லை, நேரம் முடிந்தது. ஒன்று கவனிக்க வேண்டும்: விண்டோஸ் பயர்வால் (வெளியிலிருந்து வரும் இணைப்பைத் தடுக்கும் காவல்) போட்ட இயந்திரம் கதவு பூட்டியிருந்தாலும் பேசாமலே இருக்கும். அதனால் 10060 கண்டதும் முகவரி பிழை என்று முடிவு கட்டக்கூடாது.

மூன்றாவது வழி இந்த இடத்தில் கைகொடுக்கிறது: எண்ணையே விட்டுவிட்டு, கம்பியூட்டரின் பெயரைப் பில் மென்பொருளில் எழுதுவது. எண் எப்படி மாறினாலும் விண்டோஸ் பெயரைக் கூப்பிட்டுத் தேடிப் பிடித்துவிடும். ஒரு கம்பியூட்டர், ஒரு பில் மேசை உள்ள மருந்துக் கடைக்கு இது போதும் என்பேன். ஆனால் புதிய ரவுட்டரைக் கண்டதும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எண்ணி, பொது இடம் என்று முத்திரை குத்திவிடலாம். அப்போது பெயர் தேடலும் நிற்கும். வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் மைஎஸ்கியூஎல்லின் கதவு எண்ணான 3306ஐத் திறந்துவிட்ட பயர்வால் விதியும் செல்லாது. பெயர் சில நேரம் ஐபி ஆறாம் பதிப்பு என்ற வேறு வகை முகவரியைக் கொண்டுவரும். சேர்வர் நாம் இதுவரை பார்த்த நான்காம் பதிப்பில் மட்டும் காது வைத்திருந்தால், பழைய மென்பொருள்கள் அங்கேயே தடுமாறும். ஒவ்வொரு கம்பியூட்டரிலும் உள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பில் பெயரையும் எண்ணையும் எழுதிவைக்கலாமே என்பார்கள். எழுதலாம், ஆனால் எண் மாறும்போது ஒவ்வொரு மேசையாகப் போய் மாற்றப்போவது நாம்தான்.

நான்காவது, கடைக்கென்று சொந்த ரவுட்டர் ஒன்று வாங்கி, கம்பனிப் பெட்டியின் பின்னால் வைப்பது. உள்ளே 192.168.50 என்று யாரும் அதிகம் எடுக்காத எண். கம்பனிப் பெட்டி 1 ஆனாலும் 8 ஆனாலும் உள்ளே ஒன்றும் அசையாது. இரண்டு ரவுட்டர் அடுக்கினால் முகவரி இரண்டு தரம் மாற்றப்படும், அந்த இரட்டை மொழிபெயர்ப்பு பிழை என்று படித்தவர்கள் சொல்வார்கள். வெளியிலிருந்து உள்ளே யாரும் வராத புடவைக் கடைக்கு அதனால் நட்டமில்லை. செலவு இருக்கிறது, சரி. கல்முனைக்கு இரண்டு தரம் மழையில் போய்வரும் செலவோடு ஒப்பிட்டால் பெரிதில்லை. என் தெரிவு இதுதான்: சொந்த ரவுட்டர், உள்ளே சேர்வருக்குக் கையால் எழுதிய எண்.

எண்ணைச் சரிசெய்த பிறகும் இணைப்பு வராவிட்டால் மைஎஸ்கியூஎல் அமைப்புக் கோப்பில், எந்த முகவரியில் காது வைப்பது என்று சொல்லும் பைண்ட்-அட்ரஸ் என்ற வரியைப் பாருங்கள். 127.0.0.1 என்றிருந்தால் சேர்வர் தன்னோடு மட்டும்தான் பேசும். சிலர் பாதுகாப்பு என்று 192.168.1.10 போலச் சேர்வரின் எண்ணையே அங்கே எழுதுவார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கரண்ட் வந்து, ரவுட்டர் எழும்புமுன் சேர்வர் எழும்பி, தானாக முகவரி கேட்டுக் கிடைக்காமல் 169.254 என்று தொடங்கும் அநாதை முகவரியை எடுத்துக்கொண்டால், தன் எண் எங்கேயும் இல்லை என்று மைஎஸ்கியூஎல் தொடங்கவே மறுக்கும். சிறிய கடையில் 0.0.0.0 (எல்லா எண்ணிலும் காது வை என்று பொருள்) போட்டு, யார் வரலாம் என்பதைப் பயர்வாலில் கட்டுப்படுத்துவதே என் வழக்கம். போஸ்ட்கிரெஸ் என்ற வேறு தரவுத்தளம் என்றால், அது இயல்பாக லோக்கல்ஹோஸ்டில், அதாவது தன் கம்பியூட்டருக்குள் மட்டுமே கேட்கும். கேட்கும் முகவரியை ஒரு கோப்பிலும் அனுமதியை இன்னொரு கோப்பிலும் என்று இரண்டு இடத்தில் திருத்த வேண்டும்.

பிழை 1130 வந்தால் மகிழ்ச்சிதான். வயர், முகவரி, பயர்வால் எல்லாம் சரி. மைஎஸ்கியூஎல் வாசலுக்கு வந்து, இந்த எண்ணிலிருந்து வருபவருக்கு அனுமதியில்லை என்று திரும்பியிருக்கிறோம். பயனரை 192.168.1 தொடருக்கு மட்டும் உருவாக்கி, பிறகு தொடர் மாறிவிட்டால் இதுதான் நடக்கும்.

கல்முனைக் கடையில் போன மாதம் கம்பனி ஆள் மறுபடி பெட்டியை மாற்றினார். முதலாளி போன் எடுத்தபோது நெஞ்சு பக்கென்றது. “பில்லெல்லாம் ஓடுது தம்பி, வைபை பாஸ்வேர்ட்தான் மாறிப்போச்சாம், பொடியன்மார் கேக்கானுகள்” என்றார்.